வைஃபையில் எமன்

பட்டியலில் கடைசியாக எமன் இருந்தான்.

துணை மேலாளர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். வீட்டு வைஃபையில் யார் யார் இருக்கிறார்கள் என்று காட்டும் செயலி அது. அதுவரை மகள் கவனித்து வந்ததை அதட்டி வாங்கி, அன்றுதான் தம் போனில் முதன்முதலாகத் திறந்திருந்தார். மனைவி, மகள், மாமியார், டி.வி. எல்லாம் சரி. இவன் யார்?

"யாருடி இந்த எமன்?"

மனைவியின் கையிலிருந்து கரண்டி நழுவியது. "பக்கத்து வீட்டுப் பசங்களா இருக்கும். விடுங்களேன்."

"விடறதா? ஆபீஸ் ஃபைல் அத்தனையும் இந்த வைஃபைலதான் போய்ட்டு வருது. ஒண்ணு வெளிய கசிஞ்சா என் சீட்டு கிழிஞ்சுடும்! இணையப் பாதுகாப்பைப் பத்தி இன்னிக்குத்தான் ஆபீஸ்ல மூச்சு விடாம பேசிட்டு வந்தேன்."

கேட்டவர்களில் பாதிப்பேர் தூங்கியதை அவர் சொல்லவில்லை.

பாஸ்வேர்டை மாற்றினார். மனைவிக்கும் சொல்லவில்லை, மகளுக்கும் சொல்லவில்லை. தம் போனில் மட்டும் போட்டுக்கொண்டு, வெற்றிப் புன்னகையோடு பட்டியலைத் திறந்தார். எல்லாரும் காலி. எமன் மட்டும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

போனை மனைவியின் முகத்துக்கு நேரே நீட்டினார். "மனசுல நினைச்ச பாஸ்வேர்டையே எடுத்துட்டான்டி!"

தரை துடைக்கும் கட்டையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார். சுவரோரம், மாடிப்படி அடியில், வண்டிகளுக்குப் பின்னால் எல்லாம் குத்திப் பார்த்தார். தெருமுனையில் நின்று போனைப் பார்த்தால், எமனைக் காணோம். பயந்து ஓடிவிட்டான்! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பி வந்து வாசற்படியில் கால் வைத்தார்.

எமன் வந்தாச்சு.

"என் பின்னாலயே வந்திருக்கான்!" பாய்ந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டார். அப்புறம்தான் உறைத்தது, அவனையும் சேர்த்தல்லவா உள்ளே வைத்துப் பூட்டியாயிற்று! முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"அப்பா, வேணாம்ப்பா." மகள் ஓடி வந்து அவர் கையைப் பிடித்தாள். "அந்தப் பேரைத் தொடாதீங்க."

"நீ சும்மா இரு. ஒரே அழுத்து, நிரந்தரத் தடை. இத்தோட ஒழிஞ்சான்!"

விரல் பொத்தானை நெருங்கியது. மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். சோபா ஓரத்தில் உட்கார்ந்திருந்த மாமியார் பதறி எழுந்தார்.

"ஐயையோ வேணாம் மாப்ளே! எமன் வந்தாச்சுன்னு போன்ல மணி அடிச்சாத்தானே, நீங்க வாசலுக்கு வந்துட்டீங்கன்னு தெரிஞ்சு நாங்க டி.வி.யை அணைக்க முடியும்!"