மூன்றாவது ஓட்டு

இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டில் ஜனநாயகம் நடக்காது. ஒன்றுக்கு ஒன்று என்று ஓட்டு விழும். பிறகு யாருடைய குரல் பெரிதோ அவர் ஜெயிப்பார். எங்கள் வீட்டில் அது மியூரியல். குரல் போதாத நாட்களில் பாத்திரங்களும் அவள் பக்கம் பேசும். ஒருமுறை குழம்புக் கிண்ணம் ஒன்று என் காதோரமாகப் பேசிக்கொண்டே போய்ச் சுவரில் முடிந்தது.

ஆகவே அந்த இலையுதிர் காலத்தில் ஒரு தீர்மானத்துக்கு வந்தேன். குரோமரில் கடலோரம் தனியாக இருக்கும் என் அக்கா ஈடித்தை லண்டனுக்கு அழைத்துவந்து எங்களோடு வைத்துக்கொள்வது. ஈடித் கணவனை இழந்தவள். நான் அரைக்கால் சட்டை போட்ட நாளிலிருந்தே என்னைப் பெரிய ஆள் என்று நம்புகிறவள். எனக்கு வேண்டியது அந்த ஒரு ஓட்டுதான்.

தொலைபேசியில் அவளிடம் சொன்னேன்.

"மியூரியல் என்ன சொல்றா?" என்றாள்.

"அவளுக்கு ரொம்ப சந்தோஷம்."

"அப்படியா?" என்றாள் ஈடித். பின்னால் கடல் இரைந்தது.

மியூரியலிடம் அதுவரை நான் சொல்லவில்லை. ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில் ஈடித், குழம்பு கொஞ்சம் நீர்த்திருக்கிறது என்று சொன்னதிலிருந்து அவர்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இந்தச் செய்தியை வீட்டில் சொன்னால் பீங்கான் மிஞ்சாது. சொல்வதற்கு ஏற்ற உணவகம் ஒன்றுதான் இருந்தது. க்ரிம்வேட்ஸ்.

க்ரிம்வேட்ஸில் யாரும் குரலை உயர்த்துவதில்லை. அங்கே ஆட்டுக்கறி வேகாமல் வந்தாலும் "அருமை" என்று சொல்லிவிட்டுத்தான் மெல்ல வேண்டும். ஒரு முறை ஒரு கர்னல், தன் மருமகனைப் பார்த்துக் கொஞ்சம் சத்தமாக "முட்டாள்" என்றார். கூடம் முழுக்கக் கரண்டிகள் நின்றன. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை; அதுதான் தண்டனை. கர்னலை அதன்பிறகு நான் பார்த்ததில்லை.

அந்த இடத்தை இரண்டு முறை பயன்படுத்தியிருக்கிறேன். முதல் முறை, மியூரியலின் பியானோவைத் தேவாலயக் கூடத்துக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொன்னபோது. அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்த வாரத்தில் ஆட்கள் வந்து எடுத்துப் போயிருந்தார்கள். அது அறையை அடைத்துக்கொண்டு நின்றது. இரண்டாம் முறை, பெண்கள் பள்ளியில் அவளுக்குக் கிடைக்கவிருந்த இசை ஆசிரியை வேலை வேண்டாம் என்று தலைமை ஆசிரியையிடம் நானே சொல்லிவிட்டதைச் சொன்னபோது. மாலையில் தேநீர் போட வீட்டில் ஆள் வேண்டாமா? இரண்டு முறையும் மியூரியல் "ஓ" என்றாள். பிறகு புதினாச் சாந்தைத் தள்ளச் சொன்னாள். வீடு திரும்புவதற்குள் அவள் கோபம் ஆறிப் போயிருந்தது. இப்படிப்பட்ட உணவகங்கள் இருப்பதால்தான் இந்த நாட்டில் திருமணங்கள் நிலைக்கின்றன என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வியாழக்கிழமை கிளம்பும்போது சிறிய தடங்கல் ஒன்று வந்தது.

"என் டை எங்க?"

"சலவைக்குப் போயிருக்கு."

"எது?"

"எல்லாமே. எல்லாத்துலயும் சூப்புக் கறை, நார்மன். உன் டை வரிசையைப் பார்த்தா ஒரு வருஷம் என்னென்ன சாப்பிட்டேன்னு தெரிஞ்சுக்கலாம்."

"டை இல்லாம உள்ளயே விடமாட்டானே!"

"வாசல்ல இரவல் தருவாங்க. போன தடவை ஒரு அமெரிக்கக்காரருக்குக் கொடுக்கலையா? நல்லாத்தான் இருந்தது அவருக்கு."

நல்லாயில்லை. வாசல் காவலாளி இழுப்பறையிலிருந்து எடுத்துத் தந்தது கல்லீரல் நிறத்தில் ஒரு பட்டை. உணவகப் பெயரின் முதல் எழுத்து வயிற்றுக்கு நேராகத் தங்க நூலில் தைத்திருந்தது. குழந்தைக்குக் கட்டும் ஏப்ரனுக்கும் அதற்கும் நீளத்தில்தான் வித்தியாசம். திருப்பித் தராமல் யாரும் வெளியேறக்கூடாது என்பதால், அதைக் கட்டியவர் மீது காவலாளிக்கு ஒரு கண் எப்போதும் இருக்கும்.

எங்கள் மேஜையில் மூன்று பேருக்குக் கத்தி முள்கரண்டி வைத்திருந்தது.

"பிட்வெல், நாங்க ரெண்டு பேர்தான்" என்றேன். பிட்வெல் அங்கே மூத்த பரிசாரகர்.

"ஆமா சார்" என்றார் பிட்வெல். ஒன்றையும் எடுக்காமல் போய்விட்டார்.

தூணுக்குப் பின்னால் ஒரு கிழவர் வழக்கம்போல் உட்கார்ந்திருந்தார். கடுகுச் சாடியில் செய்தித்தாளைச் சாய்த்து வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிடுகிறவர். மியூரியலோடு வந்த இரண்டு முறையும் அவரைப் பார்த்து அவளிடம் ஏதாவது சொன்னேன். அன்றும் சொன்னேன்.

"அந்த ஆளுக்கு வீட்டுல யாருமே இல்ல போல."

"இருந்திருப்பாங்க" என்றாள் மியூரியல்.

சூப் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"மியூரியல், உங்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"விஷயம் இருக்குன்னு தெரியும். இல்லேன்னா என்னை இங்க கூட்டிட்டு வருவியா? கல்யாண நாளுக்குக் கூட என்னை மீன் கடைக்குத்தானே கூட்டிட்டுப் போன? சூப்பைக் குடி, ஆறிடும்."

குடித்தேன். இரவல் டையில் ஒரு சொட்டு விழுந்தது. நிமிர்ந்தபோது கூடத்தின் மறுகோடியிலிருந்து ஒரு பச்சைத் தொப்பி எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. தொப்பிக்குக் கீழே ஈடித்.

மியூரியல் எழுந்து அவள் கன்னத்தில் முத்தமிட்டாள். அக்கா திருப்பி முத்தமிட்டாள். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பாதி புரிந்தது, அந்தப் பாதி மகிழ்ச்சியாக இருந்தது. இருவரும் சமாதானமாகிவிட்டார்கள். நான் வாயைத் திறக்கும் முன்பே என் காரியம் முடிந்துவிட்டது. மூன்றாவது ஓட்டு தானாகவே நடந்து வந்து மேஜையில் உட்கார்ந்திருக்கிறது.

"ரெண்டு பேரும் எப்படி...?"

"நீ எங்கிட்ட பேசினதுக்கு மறுநாள் நான் மியூரியலைக் கூப்பிட்டேன்" என்றாள் ஈடித். "ரொம்ப சந்தோஷம்னு சொன்னியே, அதுக்கு நன்றி சொல்லலாம்னு."

"எனக்கு அப்பத்தான் தெரிஞ்சது, நான் ரொம்ப சந்தோஷமா இருக்கேன்னு" என்றாள் மியூரியல்.

"நிறைய பேசினோம்."

"குழம்பைப் பத்தியும் பேசினோம். அன்னிக்கு நீர்த்துதான் போயிருந்தது. அதுல தண்ணி ஊத்தினது நீயாமே, நார்மன்? ஈடித் பார்த்தாளாம்."

"எல்லாருக்கும் பத்தலையே..."

"பரவாயில்ல."

இறைச்சி வண்டி வந்தது. வெள்ளிக் கவிழ்மூடியை பிட்வெல் ஒரு பக்கமாக உருட்டித் திறந்தார். ஆவியில் மாட்டுக்கறி பளபளத்தது. அதன் ஓரத் துண்டு, நன்றாக வறுபட்டுக் கறுத்த துண்டு, எப்போதும் எனக்குத்தான். பிட்வெல் அதை வெட்டி மியூரியலின் தட்டில் வைத்தார்.

"அது வழக்கமா..." என்றேன்.

"மேடம் கேட்டாங்க சார்."

அவர் நகர்ந்ததும் மியூரியல் துண்டை நறுக்கி வாயில் போட்டு, மென்று, விழுங்கினாள். பிறகு புன்னகையோடு, வானிலை சொல்லும் குரலில் சொன்னாள்.

"நான் சனிக்கிழமை குரோமர் போறேன்."

"நல்லது. ஈடித்தோட சாமானை எல்லாம் கட்டறதுக்கா?"

"என் சாமானைக் கட்டியாச்சு. அங்கேயே இருக்கப் போறேன்."

"எத்தனை நாளைக்கு?"

அவள் உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டாள்.

"வீட்டுல ஒரு பியானோ இருக்கு நார்மன்" என்றாள் ஈடித், எனக்கு ஆறுதல் சொல்வதுபோல். "அவர் போனதுலேர்ந்து தொட ஆளில்ல. கடல் காத்துக்குச் சுருதி கொஞ்சம் இறங்கிப் போச்சு, ஆனா சரி பண்ணிடலாமாம். பக்கத்துத் தெருவுலேயே நாலு பசங்க கத்துக்கறதுக்குக் காத்திருக்காங்க."

"ஈடித்! நீ என் அக்கா!"

என்னையறியாமல் குரல் ஒரு படி ஏறிவிட்டது. பக்கத்து மேஜையில் ஒரு கரண்டி நின்றது. அப்புறம் இன்னொன்று. யாரும் திரும்பவில்லை.

"மெதுவா" என்றாள் மியூரியல். "இது க்ரிம்வேட்ஸ்."

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்றேன், உதட்டை அசைக்காமல்.

"வீட்டுல பேசினா நான் கத்துவேன். அழுவேன். கிண்ணத்தை வீசுவேன். நீ உடைஞ்ச துண்டையெல்லாம் பெருக்கிட்டு இருப்ப, நான் அழுதுக்கிட்டே உனக்கு டீ போட்டுக் கொடுப்பேன். அதோட முடிஞ்சுடும். இங்க சொன்னாத்தான் சொன்னது சொன்னபடி நிக்கும். இது நீ சொல்லிக் கொடுத்தது நார்மன். ரெண்டு தடவை."

"எங்கிட்ட கேட்க வேண்டாமா?"

"ஓட்டு எடுத்தோம்" என்றாள் ஈடித். "ரெண்டுக்கு ஒண்ணு."

"நான் எங்க ஓட்டுப் போட்டேன்?"

"உன்னோடதை எதிர்ப்புன்னே கணக்குல சேத்துக்கிட்டோம்" என்றாள் மியூரியல். "நியாயமா நடந்துக்கணும் இல்லையா?"

எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். வாசலில் காவலாளி என் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மியூரியல் என் கண் போன இடத்தைக் கவனித்தாள்.

"அதுக்குத்தான் டை எல்லாத்தையும் சலவைக்குப் போட்டேன். பாதியில எந்திரிச்சுப் போயிடுவன்னு ஒரு பயம். திங்கட்கிழமை போய் வாங்கிக்க."

சொல்ல எனக்கு நிறைய இருந்தது. முப்பது வருஷத்து வார்த்தைகள் இருந்தன. ஒவ்வொன்றும் உரக்கச் சொல்ல வேண்டியது. அவற்றில் தாழ்ந்த குரலில் சொல்லக்கூடியது ஒன்றைத் தேடினேன்.

"ஓ" என்றேன்.

மூக்கில் ஏறும் அந்த வெள்ளைக் காரச் சாந்தை மியூரியல் என் பக்கம் தள்ளிவைத்தாள். கேட்காமலே. நிறையப் போட்டுக்கொண்டேன், கண்ணில் நீர் வருவதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அவர்கள் இருவரும் பியானோ சுருதி சேர்க்கிற ஆளைப் பற்றிப் பேசிக்கொண்டே பாகு புட்டிங்கை முடித்தார்கள். எந்த ரயில், யார் ஜன்னலோரம் என்றும் பேசினார்கள். ஈடித் ஒருமுறை வாய்விட்டுச் சிரித்தாள். அதற்கு ஒரு கரண்டியும் நிற்கவில்லை.

பெண்கள் இருவரும் வாசலில் கொடுத்திருந்த கோட்டுகளைத் திரும்ப வாங்கப் போனபோது பிட்வெல் என் தோளருகே குனிந்தார்.

"ஞாயித்துக்கிழமைலேர்ந்துதானே சார்?"

"என்னது?"

"தூணுக்குப் பின்னால, ஒருத்தருக்கு மேஜை சொல்லி வெச்சிருக்காங்க. உங்களுக்கு முட்டை கூட வேகவைக்கத் தெரியாதுன்னு மேடம் வருத்தப்பட்டாங்க. அந்த சார் வியாழக்கிழமை மட்டும்தான் வர்றார். ஞாயிறு அந்த மேஜை காலிதான்."

தூணுக்குப் பின்னாலிருந்து கிழவர் செய்தித்தாளைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். கடுகுச் சாடியை என் பக்கமாக ஓர் அங்குலம் நகர்த்தி வைத்தார்.

"நன்றி, பிட்வெல்" என்றேன், எனக்கே கேட்காத குரலில்.