ஒரு குதிரைக்குக் கொள்ளு ரசம்

மனிதர்களை உயரத்தால் அளப்பவர்கள் உண்டு, நிறத்தால் அளப்பவர்கள் உண்டு. குதிரையால் அளந்தவர் எனக்குத் தெரிந்து உலகத்திலேயே ஒருவர்தான். போடிநாயக்கனூரில் எங்கள் தெருக்கோடியில் லாயம் வைத்திருந்த கொள்ளுக்காரர். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. கேட்டால் அவருக்கே கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது.

அவரிடம் நாலு மட்டக்குதிரைகள் இருந்தன. குரங்கணி வழியாக மலைமேல் ஏலத்தோட்டத்துக்கு அரிசி ஏற்றிப் போவார். இறங்கும்போது ஏலக்காய் வரும். குதிரைகளுக்குத் தினமும் கொள்ளு வேகும். வடித்த தண்ணீரில் அவருக்கு ரசம். சளி, பல்வலி, மாமியார் சண்டை, எல்லாவற்றுக்கும் அது ஒன்றே மருந்து என்பார். தெருவில் யாராவது தும்மினால் செம்போடு வாசலில் வந்து நிற்பார். நாடி பார்க்க மாட்டார், காதைப் பிடித்துப் பார்ப்பார். குதிரைக்குக் காய்ச்சல் காதில்தான் தெரியுமாம்.

அப்புறம் அளவு. "நீ அரைக்குதிரை, ஒரு செம்பு குடி. ஒம் மாமன் முக்காக்குதிரை, ஒண்ணரைச் செம்பு." ஊர்ப் பெரியவர் ஒருவரை நாலு பேர் முன்னால் 'ஒண்ணேகாக் குதிரை' என்று சொல்லிவிட்டு, அவர் ஏன் கோபித்துக்கொண்டார் என்று ஒரு மாதம் வருத்தப்பட்டார்.

நான் காக்குதிரை, அதாவது கால் குதிரை, அரைச் செம்புதான். எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான். எட்டாம் வகுப்புத் தேறி, பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மாவாக உட்கார்ந்த பிறகும் காக்குதிரைதான்.

"அண்ணே, நான் இப்ப உத்தியோகம் பாக்குறேன்" என்று ஒருநாள் நினைவுபடுத்தினேன்.

ஏற இறங்கப் பார்த்தார். "இன்னும் சொமை தூக்கலையே ஆத்தா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை. அம்மா ஏலக்காய் பறிக்க மேலே போயிருந்தாள். எனக்குச் சளி. தலை, நனைந்த கோணி மாதிரி கழுத்தின்மேல் கனத்தது. மூக்கில் காற்றும் போகவில்லை, வாசனையும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படுத்துக்கிடக்கலாம் என்ற ஒரே ஆசையில் ஆறு நாள் பாடம் நடத்தியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தோட்டத்துக் கங்காணி வந்து கதவைத் தட்டினார். கொள்ளுக்காரர் மழையில் நனைந்து காய்ச்சலோடு படுத்துவிட்டார். தொண்டை கட்டி, ஒரு சத்தம் வெளியே வரவில்லை. அது அவருடைய துன்பம் மட்டுமாக இருந்தால் பரவாயில்லை. முன்னால் போகும் குதிரை வெள்ளையம்மா அவருடைய "ஹோய்ய்ய்" கேட்டால்தான் மலைப்பக்கம் காலெடுத்து வைப்பாள். கங்காணி தானே ஓட்டிப் பார்த்திருக்கிறார். கத்தினார், கெஞ்சினார், வெல்லம் காட்டினார். வெள்ளையம்மா வெல்லத்தைத் தின்றுவிட்டுச் சந்தை நடுவே படுத்துக்கொண்டாள். அவள் படுத்ததும் பின்னால் வந்த மூன்றும் மரியாதையாகப் படுத்துக்கொண்டன. லாயத்தின் பக்கம் திருப்பியதும் நாலும் எழுந்து நடந்தன.

"மேல ரெண்டு நாளைக்குத்தான் அரிசி கெடக்கு, வாத்தியாரம்மா. ஒங்க ஆத்தாவும் அங்கனதான இருக்கு. அந்தாளு தொண்டையத் தெறக்க ஏதாச்சும் வழி பண்ணுங்க" என்றார் கங்காணி.

எழுந்து போனேன். லாயத்தில் குதிரைகளுக்குப் பக்கத்திலேயே வைக்கோலில் கிடந்தார். உதடு மட்டும் அசைந்தது. காதைக் கிட்டே கொண்டுபோனேன்.

"ரசம் வையி."

"எனக்கு வைக்கத் தெரியாதுண்ணே."

உண்மைதான். 'நீ படி, அடுப்ப நான் பாத்துக்கிறேன்' என்று சொல்லியே அம்மா என்னை அடுப்பங்கரைப் பக்கம் விட்டதில்லை. கொள்ளுக்காரர் மூச்சுக்காற்றிலேயே கேட்டார்.

"எட்டு வருசமா என்னத்தத்தான் சொல்லிக் குடுத்தாக?"

ரோஷம் வந்துவிட்டது. வீட்டுக்குப் போய்ச் சிலேட்டை எடுத்து வந்தேன். "சொல்லுங்க. எழுதிச் செஞ்சிருவேன்."

"குதிரைக்கு ஒரு படி கொள்ளு. நீ கால், நான் முக்கால்."

கூட்டினேன். முழுதாக ஒரு குதிரை. ஒரு படி போட்டு, மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினேன். ஈர விறகு. ஊதி ஊதி, எனக்கு மிச்சம் இருந்த மூச்சும் போயிற்று.

"மெளகு எவ்வளவு?"

"சளி எங்கன பிடிச்சது?"

"பள்ளிக்கூடத்துல."

"தரைச்சளி. அரைப்பிடி. என்னுது குரங்கணிக்கு மேல பிடிச்சது, மேட்டுச்சளி. ரெண்டு பிடி."

இரண்டரைப் பிடி மிளகு. சீரகம், பூண்டு, நாலு வற்றல். அம்மியில் வைத்து இழுக்கும்போது கண் கரித்தது. மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. கொள்ளு வெந்ததும் தண்ணீரை வடித்து, புளி கரைத்து ஊற்றி, அரைத்ததைப் போட்டேன். நுரை கூடி வந்ததும் இறக்கச் சொன்னார். தாளிக்கும் சத்தம் தன் காதில் விழ வேண்டும் என்று கண்ணை மூடிக் காத்திருந்தார். கடுகு வெடித்தது. "ம்" என்றார்.

ருசி பார்க்கத்தான் ஆளில்லை. எனக்கு நாக்கு செத்துக் கிடந்தது, அவருக்கும் அப்படியே. கங்காணி கிட்டே வந்து மோந்தவர் அப்படியே பின்வாங்கிப் போய்விட்டார்.

"வெள்ளையம்மாகிட்டக் கொண்டா" என்று சாடை காட்டினார் கொள்ளுக்காரர்.

சட்டியை அவள் மூஞ்சிக்கு நேரே பிடித்தேன். மோந்தாள். அடுத்த கணம் அவள் போட்ட தும்மலில் லாயத்துக் கூரையிலிருந்து ஒரு கோழி கீழே விழுந்தது.

"சரியா இருக்கு" என்று உதட்டை அசைத்தார் கொள்ளுக்காரர். இரண்டு கையாலும் சட்டியை வாங்கி, நான் தடுப்பதற்குள் ஒரே மூச்சில் பாதியை உறிஞ்சிவிட்டார்.

முதலில் முகம் சிவந்தது. பிறகு கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் அருவி. வாயைத் திறந்தார். மூன்று நாளாக உள்ளே கிடந்த குரல் மொத்தமாக வெளியே வந்தது.

"ஹோய்ய்ய்ய்ய்!"

நாலு குதிரைகளும் துள்ளி எழுந்தன. வெள்ளையம்மா கயிற்றை அறுத்துக்கொண்டு, முதுகில் ஒரு மணி அரிசி இல்லாமல், மலையைப் பார்த்து ஓடினாள். பின்னால் மூன்றும். அவற்றின் பின்னால் கங்காணி. அவர் பின்னால், போர்வையோடு கொள்ளுக்காரர். "ஏ, நில்லுடி! சொமைய யாரு தூக்குவா, ஒங்கப்பனா?"

மிச்ச ரசத்தை நான் குடித்தேன். நாக்கு எரிந்தது. மூக்கு திறந்து, மழையும் சாணமும் பூண்டுமாக ஒரே சமயத்தில் வாசனை வந்தது. அடுப்புச் சாம்பல் பக்கத்திலேயே உட்கார்ந்து தூங்கிப்போனேன்.

குதிரைகளைக் குரங்கணிப் பாதையில் பிடித்தார்களாம். மறுநாள் விடியலில் அரிசி மேலே போயிற்று.

தை மாதம் அம்மா இறங்கி வந்தாள். மூட்டையை இறக்கி வைத்ததும் என் கையைத்தான் பிடித்துப் பார்த்தாள். அன்றிலிருந்து அம்மி இழுத்ததில் உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது.

"அந்தக் கொள்ளுக்காரன் அரிசி கொண்டாந்த அன்னைக்கு, மழையில நின்னுக்கிட்டு அத்தனை பேரு முன்னாலயும் கத்துறான். 'ஒம் மக முழுக்குதிரை, முழுக்குதிரை'ன்னு. கிறுக்குப் பய. அப்படின்னா என்னடி?"

"ஒண்ணுமில்லம்மா" என்றேன்.

இன்று எனக்கு மறுபடியும் சளி. பள்ளிக்கூடத்தில் பிடித்ததுதான், தரைச்சளி. இதை எழுதும்போது அடுப்பில் கொள்ளு வெந்துகொண்டிருக்கிறது. வீட்டில் நான் ஒருத்திதான். ஆனாலும் ஒரு படி போட்டிருக்கிறேன்.