வட துருவம் போய் வந்த சைக்கிள் ஸ்டாண்டுகள்

ஓசூரின் சைக்கிள் ஸ்டாண்டுகளை வட துருவத்தில் கொண்டுபோய் நிறுத்தி, டீ ஆறுவதற்குள் திருப்பிக் கொண்டுவந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் எக்ஸ்-ஒய் அண்ணன்.

அவர் சிஎன்சி மெஷின் ஆபரேட்டர்; எண்ணைக் கொடுத்தால் அந்த இடத்தில் இரும்பை வெட்டும் மெஷின் அது. முதலில் எக்ஸ், அதாவது குறுக்கே எவ்வளவு. பிறகு ஒய், நெடுக்கே எவ்வளவு என்று மெஷினுக்குச் சொல்லிச் சொல்லி மனுஷரே அப்படி ஆகிவிட்டார். கேன்டீன் தட்டைப் பார்த்து, "எக்ஸுல நாலு, ஒய்யில ரெண்டு, அந்த வடைய எடுப்பா" என்பார். கோயில் வாசலில் செருப்பையும் அப்படித்தான் தேடுவார்.

இரண்டாயிரத்துப் பத்துக்குச் சற்று முன்னால், மேனேஜர் கம்பெனியின் பின்வாசலைப் பூட்டிவிட்டார். "அந்தப் பக்கம் ரோடே இல்ல. மேப்புல காட்டுங்க, திறக்கறேன்." ஏரிக்கரையோரம் சைக்கிள் பாதை இருந்தது, மேப்பில்தான் இல்லை. நாங்கள் ஹைவேயில் லாரிகளுக்கு நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தோம்.

அண்ணன் களத்தில் இறங்கினார். ஒரு சைக்கிள் குழு ஊரிலுள்ள பாதை, ஸ்டாண்டு எல்லாவற்றையும் அளந்து, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டிருந்தது. உலகமே சேர்ந்து வரையும் இணைய மேப் ஒன்றும் இருந்தது. இரண்டு பக்கமும் அனுமதி கேட்டுக்கொண்டு, என் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அந்த அளவுகளை இந்த மேப்பில் ஏற்றினார். மறுநாள் காட்டுவதற்கு மேனேஜரையும் கூட்டிவந்தார்.

மேப்பில் ஓசூர் வெறிச்சென்று கிடந்தது. நார்வேக்காரர் ஒருவர் பணிவாகச் செய்தி அனுப்பியிருந்தார்: 'எங்கள் பனிக்கடலில் உங்கள் சைக்கிள் ஸ்டாண்டுகள் நிற்கின்றன. எடுத்துக்கொள்ள முடியுமா?'

"ஏனப்பா, நம்ம ஆளுங்க பனிக்கட்டி மேலயா ஷிப்டுக்கு வர்றாங்க?" என்றார் மேனேஜர், கன்னட வாடையோடு.

"டீ குடிங்க சார்" என்றார் அண்ணன். ஃபைலில் முதல் எண் வடக்கு-தெற்கு, அதாவது நெடுக்கே. இவர் கைப்பழக்கத்தில் அதைக் குறுக்கே கொடுத்துத் தொலைத்திருந்தார். எல்லாவற்றையும் அழித்து, மாற்றி ஏற்றினார். ஸ்டாண்டுகள் வரிசையாக ஓசூரில் வந்து இறங்கின. பாதை ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு நேராக எங்கள் பின்வாசலில் வந்து முட்டியது.

மேனேஜர் பின்வாசல் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். மறுநாள் காலை முதல் ஷிப்டு மொத்தமும் பெல் அடித்துக்கொண்டே அந்த வாசலில் நுழைந்தது.

இத்தனைக்கும் அண்ணனுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்.

"அப்புறம் உங்களுக்கு ஏண்ணா இந்தப் பாடு?" என்று கேட்டேன்.

"லாரிக்கு நடுவுல நீ தத்தளிச்சத பஸ் ஜன்னல்ல பாத்தேன்டா. மனசு கேக்கல."

அந்த மேப்பை இன்றும் திறந்து, எங்கள் பின்வாசலை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். அண்ணனைப் பார்த்த மாதிரி இருக்கிறது.