மணி அடித்தால் அது அரசியல்

சோப்புக் கிண்ணம் சவரக்கடைக் கண்ணாடியில் மயிரிழையில் படாமல் தப்பி, சுவரில் மோதி நொறுங்கியது. எறிந்தவர் அனிபல், பாதி சவரத்தில் இருந்தவர். குறி வைக்கப்பட்டவர் ரூபென், பெஞ்சில் காத்திருந்தவர். அனிபல் மஞ்சள் கட்சி, ரூபென் ஆரஞ்சுக் கட்சி. தேர்தலுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

கடைக்காரர் ராதமேஸ் கத்தியைப் போட்டுவிட்டுக் கண்ணாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். உள்வாசலில் அவர் மனைவி மிர்த்தா வந்து நின்றாள்.

"போன தேர்தலுக்கு ஒரு கண்ணாடி போச்சு. இதுவும் உடையட்டும், அன்னைக்கே கடை என் தங்கச்சிக்கு. அவ பியூட்டி பார்லர் வைக்க இடம் தேடிக்கிட்டு இருக்கா."

வீடு மிர்த்தாவின் அப்பா கொடுத்தது. அதன் முன்னறைதான் கடை. அவளும் சொன்னால் செய்கிறவள். ராதமேஸுக்கோ அந்தக் கடையை விட்டால் சான் பெட்ரோவில் வேறு போக்கிடம் கிடையாது, பாவம்.

அன்று மாலையே கண்ணாடிக்குப் பக்கத்தில் ஓர் அட்டை தொங்கியது: 'இங்கே அரசியல் பேசக் கூடாது.'

மறுநாள் எல்லாரும் நல்ல பிள்ளைகளாக உட்கார்ந்திருந்தார்கள். மின்விசிறி நின்றது.

"கரெண்ட் போச்சு," என்றார் அனிபல்.

"அரசியல் பேசாதே," என்றார் ரூபென்.

"கரெண்ட் போச்சுன்னு சொன்னா அரசியலாய்யா?"

"மந்திரி தெருவுல கரெண்ட் போகுதா? போகலல்ல? அப்ப அரசியல்தான்."

"அரசியல்னா கட்சி, ஓட்டு, அரசாங்கம். இது கம்பி சமாச்சாரம்!"

"யாருக்குக் கிடைக்கணும், யாருக்குக் கிடைக்கக் கூடாதுன்னு எவனோ முடிவு பண்றான் பாரு, அதுக்குப் பேருதான்யா அரசியல்."

மூலையில் இருந்த பள்ளிக்கூட வாத்தியார் தொண்டையைச் செருமினார். "நாலு பேர் சேந்து வாழணும்னா சிலதைப் பொதுவா தீர்மானிக்க வேண்டியிருக்கு. அப்படித் தீர்மானிக்கிறது எல்லாமே..."

"வாத்தியாரே, சும்மா இருங்க!" என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

ராதமேஸ் கையெடுத்துக் கும்பிட்டார். "மழையைப் பத்தி மட்டும் பேசுங்கப்பா. அதுல ஒரு வம்பும் இல்ல."

"மழை பெஞ்சா நம்ம தெருவுல மட்டும் ஏன் தண்ணி நிக்குது?" என்றார் ரூபென். அனிபல் நாற்காலியை விட்டு எழுந்தார். ராதமேஸ் மறுபடி கண்ணாடியைக் கட்டிக்கொண்டார்.

எது அரசியல் என்று சொல்ல ஒரு நடுவர் வேண்டும் என்று அப்போதுதான் அவருக்குத் தோன்றியது. ஆளும் தயாராக இருந்தார். எல்லாரும் மரியாதையாகத் 'தோன்' என்று கூப்பிடும் பெரியவர், தோன் எலாதியோ. மகள் வீட்டோடு இருக்கலாம் என்று ஆறு மாதம் முன்பு பராஓனாவிலிருந்து வந்தவர். தலையில் ஒரு முடி கிடையாது. ஆனாலும் தினமும் கடைக்கு வந்து செய்தித்தாள் படிப்பார். யார் எதைச் சொன்னாலும் புன்னகையோடு தலையாட்டுவார். அதனால் அவர் மஞ்சள் என்று அனிபலும், ஆரஞ்சு என்று ரூபெனும் நம்பினார்கள். இதைவிட நடுநிலையான மனிதர் நாட்டிலேயே கிடைக்க மாட்டார்.

ராதமேஸ் ஒரு பித்தளை மணியை அவர் கையில் வைத்து அட்டையைக் காட்டினார். தோன் எலாதியோ அட்டையை இரண்டு முறை படித்தார். மணியைப் பார்த்தார். நீதிபதி மாதிரி தலையசைத்தார்.

சட்டம் எளிது. மணி அடித்தால், பேசியவர் நாற்காலியில் இருந்தாலும் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும்.

வாழைக்காய் விலையைச் சொன்னார் அனிபல். மணி அடித்தது. ஒரு கன்னம் நுரையோடு கடைசிக்குப் போனார். நேற்றைய பேஸ்பால் ஆட்டத்தைச் சொன்னார் ரூபென். மணி. ஒரு பக்க மீசையோடு அவரும் போனார். மருந்துக்கடைக்காரர் மகள் டிரக் டிரைவரோடு ஓடிப்போன கதையை வாத்தியார் ஆரம்பித்தார், அதற்கும் மணி.

"காதல்கூட அரசியலா, தோன்?"

மணி இன்னும் பலமாக அடித்தது.

ஆனால் மறுபடி நாற்காலி ஏறிய அனிபல், கண்ணாடியைப் பார்த்தபடியே ஆரஞ்சுத் தலைவரின் பரம்பரையையே திட்டித் தீர்த்தார். மணி அடிக்கவில்லை. பெஞ்சில் எல்லாரும் செல்போனில் தலையைக் கவிழ்த்திருந்தபோது, ரூபென் தன் தலைவரின் பேச்சு முழுவதையும் சத்தமாக ஓடவிட்டார். அப்போதும் அடிக்கவில்லை.

"பெருசு மஞ்சள்ட்ட காசு வாங்கிடுச்சு," என்றார் ரூபென்.

"ஆரஞ்சுதான் காசு குடுத்திருக்கு," என்றார் அனிபல்.

வாரக் கடைசிக்குள் தெருவில் முழுதாகச் சவரம் முடிந்த ஆண்பிள்ளை ஒருவரும் இல்லை. பெஞ்சு நிறைய அரை மீசைகளும் கால் தாடிகளும். மிர்த்தாவின் தங்கை அளவு நாடாவோடு வந்து சுவரை அளந்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை அனிபல் பெஞ்சின் மேல் ஏறி நின்றார். "நடுவரை மாத்தணும்! ஓட்டெடுப்பு வைங்க!"

"அதைத்தான் நானும் சொல்றேன்!" என்று ரூபென் அவர் தோளில் கை போட்டார். அவர்கள் ஒரே பக்கம் நின்றதை எங்கள் தெரு அதுவரை பார்த்ததில்லை. கடையே கை தூக்கியது. ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

மணி விடாமல் அடித்தது.

ராதமேஸ் பொறுமை இழந்து கிழவருக்கு எதிரே போய் நின்றார். "தோன், கும்பிட்டுக் கேக்கறேன். அரசியல்னா என்னன்னு நீங்களே உங்க வாயால சொல்லிடுங்க!"

தோன் எலாதியோ புன்னகையோடு தலையாட்டினார்.

அந்த நேரம் பார்த்து அவர் மகள் சொராய்தா மதியச் சாப்பாட்டுத் தூக்கோடு உள்ளே வந்தாள். கடை மொத்தமும் அவளிடம் ஒரே நேரத்தில் முறையிட்டது. அவள் மணியைக் காட்டி, அட்டையைக் காட்டி, அப்பாவிடம் கையால் ஏதோ கேட்டாள். அவர் அவள் காதில் ஏதோ சொன்னார். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அண்ணே, அப்பாவுக்குக் காது சுத்தமா கேக்காது, பல வருஷமாச்சு. எல்லாரும் கண்ணாடியில தன் மூஞ்சிய பாக்கிறத விட்டுட்டு அடுத்தவன் மூஞ்சிய எப்ப பாக்கிறீங்களோ, அப்பல்லாம் அரசியல்னு அடிச்சாராம்!"