டால்ட்டன் பிக்ஸ்பியின் மூளை மதிப்பெண்

மனித மூளைக்கு உலகத்திலேயே அதிக மரியாதை கிடைக்கும் ஊர் எது என்று கேட்டால், விவரம் தெரியாதவர்கள் பெரிய பல்கலைக்கழக நகரங்களின் பெயரைச் சொல்வார்கள். சரியான விடை, மேற்கு டெக்சாஸில் பருத்திக் காடுகளுக்கு நடுவே இருக்கும் டன்லப் ஸ்பிரிங்ஸ். அந்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் ஒவ்வோர் ஆகஸ்டிலும் கால்பந்து வீரர்கள் அத்தனை பேருடைய மூளையும் முறைப்படி பரிசோதிக்கப்பட்டு, மதிப்பெண் இடப்பட்டு, இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டப்படுகிறது. கணக்கு வாத்தியாருக்குக்கூட அங்கே பூட்டு உள்ள பீரோ கிடையாது.

கால்பந்து என்பது, ஒருவன் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓட, மற்றவர்கள் கவசம் மாட்டிய தலையோடு போய் அவன் மேல் விழும் ஆட்டம். கால் அதில் ஓடுவதற்கு மட்டும்தான். தலைக்கு வேலை அதிகம் என்பதால் ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். தலையில் அடிபட்டவன் மறுபடியும் பரிசோதனைக்கு உட்கார வேண்டும். ஆகஸ்டில் வாங்கிய மதிப்பெண்ணைவிடக் குறைந்தால் மூன்று வாரம் களத்தில் இறங்கக் கூடாது. குறையாவிட்டால் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பொருள்.

இந்த அருமையான சட்டத்தை ஊர்ப் பையன்கள் ஊன்றிப் படித்திருந்தார்கள். அவர்கள் ஊன்றிப் படித்தது அது ஒன்றைத்தான். ஆகஸ்டிலேயே அடிமட்டத்தில் இருப்பவனுக்கு அக்டோபரில் குறைவதற்கு என்ன இருக்கிறது? ஆகவே மூத்த மாணவர்கள் இளையவர்களுக்கு மதிப்பெண் குறைவாக வாங்கும் வித்தையை ஆண்டுதோறும் பயிற்றுவித்து வந்தார்கள். கோச் ஹர்லன் ப்ரூயிட் இதில் தலையிட மாட்டார். கண்ணியமான மனிதர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். பரிசோதனைக்கு முதல் நாள் ஒரே ஒரு வார்த்தை சொல்வார்: “பசங்களா, நாளைக்கு அங்க போயி யாரும் மேதாவித்தனம் காட்ட வேணாம்.”

டால்ட்டன் பிக்ஸ்பிக்கு இது கஷ்டமாக இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவன், தடுப்பு வரிசையின் நடுவில் நிற்பவன். எதிரணி நிற்கும் தோரணையைப் பார்த்தே அடுத்து என்ன செய்யப்போகிறது என்று சொல்லிவிடுவான். மூன்று வருடத்து ஆட்டங்கள் அவனுக்கு மனப்பாடம். அப்படிப்பட்டவனிடம் அணியின் முதலுதவிக்காரர் மிஸ் டெலியா பன்னிரண்டு சொற்களை வாசித்துக் காட்டி, பத்து நிமிடம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். பன்னிரண்டும் நாக்கு நுனியில் வரிசை கட்டி நின்றன. ஐந்தை வெளியே விட்டான், மீதியை விழுங்கினான். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னபோது எண்பத்தாறோடு நிறுத்தி, கூரையைப் பார்த்து நெற்றியைச் சொறிந்தான். நூற்றுக்கு நாற்பத்தொன்று கிடைத்தது. அறையை விட்டு வெளியே வந்தபோது அவனால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஓக்லஹோமாவில் ஒரு சின்னக் கல்லூரி, அவனை இலவசமாகப் படிக்கவைத்து ஆடவும் வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அக்டோபர் கடைசி வெள்ளிக்கிழமை அதன் கோச் நேரில் வந்து பார்ப்பதாகக் கடிதம் வந்திருந்தது. அன்று நன்றாக ஆடினால் கல்லூரி. இல்லாவிட்டால் அப்பாவைப் போல ஜின்னிங் மில். அப்பா இருபது வருடம் பஞ்சுத் தூசியைச் சுவாசித்துவிட்டு, இப்போது பாதிப் பேச்சை இருமலிலேயே முடித்துக்கொள்கிறார். அம்மா ரோண்டா அந்தக் கல்லூரியின் பெயர் போட்ட தொப்பி ஒன்றை வாங்கி அலமாரியில் ஒளித்துவைத்திருந்தாள். பிப்ரவரியில் பள்ளியில் மேஜை போட்டு, ஊர் பார்க்கக் கல்லூரி ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது அதை மகன் தலையில் வைக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

அந்த வெள்ளிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் டால்ட்டன் நேராக ஓடிப்போய்த் தலையைக் குனிந்து ஒருவன்மேல் மோதினான். சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது. நாலாயிரம் பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவனும் எழுந்தான். நிதானமாக நடந்து போய் எதிரணியின் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டான். அவர்களும் மரியாதையாகக் கொடுத்தார்கள். டெக்சாஸ்காரர்கள் உபசாரத்தில் குறை வைப்பதில்லை.

திங்கட்கிழமை ஊர்ப் பிரமுகர்கள் அடங்கிய ‘வீரர் நல ஆதரவுக் குழு’ அவசரமாகக் கூடியது. நிகழ்ச்சி நிரலில் இருந்த ஒரே பொருள், டால்ட்டனின் தலை. அவன் பெஞ்ச் மாறி உட்கார்ந்தது அடியின் விளைவா, அல்லது இரண்டு பெஞ்சுக்கும் ஒரே பெயின்ட் அடித்திருந்ததன் விளைவா என்று ஒன்றரை மணி நேரம் ஆராய்ந்தார்கள். பிழை பெஞ்சின் மேல்தான் என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. எதிரணி பெஞ்சுக்கு உடனடியாகப் பச்சை அடிக்க உத்தரவாயிற்று.

செவ்வாய்க்கிழமை மறுபரிசோதனை. டால்ட்டனுக்குப் பயமில்லை. இந்த முறை எதையும் விழுங்காமல் சொல்வது, சந்தேகம் வராதபடி ஐம்பது மதிப்பெண் வந்ததும் நிறுத்திக்கொள்வது என்று திட்டம் வைத்திருந்தான். மிஸ் டெலியா பன்னிரண்டு சொற்களை வாசித்தார். பத்து நிமிடம் கழித்து அவன் வாயைத் திறந்தான். குதிரை, சாவி, மழை, ஏணி, மிளகு. ஆறாவதைத் தேடினான். அது இல்லை.

“அவசரமில்ல கண்ணு,” என்றார் மிஸ் டெலியா.

மேஜையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். மற்ற சொற்கள் எங்கேயோ இருக்க வேண்டும் என்று தெரிந்தது, எங்கே என்றுதான் தெரியவில்லை. கழித்தலில் நூறு, தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு வரை வந்தான். அதற்கப்புறம் ஏதோ ஓர் எண் உண்டு என்பது மட்டும் நினைவிருந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வாழ்க்கையில் எந்தப் பரீட்சைக்கும் அவன் இவ்வளவு பாடுபட்டதில்லை. பயமாக இருந்தது, அழுகை வந்தது. மிஸ் டெலியா தலையைக் குனிந்துகொண்டு கூட்டிப் போட்டார். நாற்பத்திரண்டு.

ஊர் கொண்டாடியது. ஒரு மதிப்பெண் கூடியிருக்கிறது அல்லவா! மோதினால் மூளை கெடும் என்று பட்டணத்து டாக்டர்கள் கிளப்பிவிட்ட பீதிக்கு டன்லப் ஸ்பிரிங்ஸ் ஆதாரத்தோடு பதில் சொல்லிவிட்டது. நல ஆதரவுக் குழு பாராட்டுத் தீர்மானம் போட்டது. பள்ளி வாசல் பலகையில் ‘பிக்ஸ்பி 42’ என்று பெரிதாக எழுதினார்கள். வெளியூர்க்காரர்கள் அதை அவனுடைய சட்டை எண் என்று நினைத்துக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை பயிற்சி முடிந்ததும் டால்ட்டன் கோச்சின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான்.

“சார், ஆகஸ்ட்ல நான் வேணும்னேதான் தப்புத் தப்பா சொன்னேன்.”

“தெரியும்டா மகனே. எல்லாப் பயலும் அதத்தான் செய்யறான்.”

“இந்தத் தடவ அப்படிச் செய்யல சார். நெசமாவே முயற்சி பண்ணேன். அவ்வளவுதான் வந்துச்சு.”

கோச் ப்ரூயிட் பேனாவைத் திறந்தார், மூடினார். பிறகு கேட்டார்: “இத வேற யார்கிட்ட சொன்ன?”

டால்ட்டன் வெகுநேரம் யோசித்தான். “அம்மாகிட்ட சொன்னேனா இல்லையான்னு ஞாபகம் வரல சார்.”

கோச் பொறுப்பானவர். எதையும் உறுதி செய்துகொள்ளாமல் விடமாட்டார். அங்கேயே ரோண்டாவுக்குப் போன் போட்டு, இருவருக்கும் கேட்கும்படி மேஜைமேல் வைத்தார்.

“சொன்னான் கோச்,” என்றாள் ரோண்டா. “செவ்வாக்கிழம சொன்னான், நேத்து சொன்னான், இன்னிக்குக் காலைலயும் சொன்னான். ஒவ்வொரு தடவையும் புதுசா சொல்ற மாதிரிதான் சொன்னான்.” அவள் அழுவது தெரிந்தது. “நாளைக்கு ஒரு நாள்தானே. அந்த ஆளு பாத்துட்டுப் போகட்டும். சனிக்கிழம நானே பெரிய டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்.”

“சரிம்மா,” என்றான் டால்ட்டன்.

‘மாணவரின் நலமே எமது முதற்கடமை’ என்று அச்சடித்த, டால்ட்டன் ஆடலாம் என்ற அனுமதித் தாளில் கோச் ப்ரூயிட் கையெழுத்துப் போட்டார். மேஜையை இறுக்கிப் பிடித்திருந்த கைகளைப் பார்த்திருந்த மிஸ் டெலியா சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அம்மா மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் வந்து போட்டுவிட்டுப் போனாள். நல ஆதரவுக் குழு முத்திரை வைத்தது.

அந்த வாரம் டன்லப் ஸ்பிரிங்ஸில் நல்ல நிலையில் இருந்த தலைகள் எத்தனையோ. உண்மையைச் சொன்னது அடிபட்ட தலை ஒன்றுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோருமாகச் சேர்ந்து அதற்குக் கவசம் மாட்டி, மறுபடியும் மோதச் சொல்லி அனுப்பினார்கள்.