கிளைமாக்ஸுக்கு முந்தின நிறுத்தம்

அன்றைக்கும் அப்படியே ஆயிற்று. படத்தில் கதாநாயகி ரயில் நிலையத்துக்கு ஓடத் தொடங்கியபோது, நூலகத்து அம்மாள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்துவிட்டது.

பிரேக்கை மிதித்த டிரைவருக்கு மனசே ஆறவில்லை.

வாரக் கடைசியில் ஊர் திரும்புகிறவர்களின் பஸ் அது. எப்போதும் அதே காதல் நகைச்சுவைப் படம்தான். டிவி முதுகுக்குப் பின்னால் இருந்ததால் டிரைவர் அதைப் பார்த்ததே இல்லை, காதால் கேட்டதுதான். ஆனாலும் அதைவிடப் பிடித்த படம் அவருக்குக் கிடையாது. யாருக்கு யார் என்று பஸ் முழுக்கத் தெரியும். படத்தில் அந்த இரண்டு பேருக்கு மட்டும் தெரியாது. அவர்கள் சண்டை போடப் போட, முன்பின் தெரியாத இத்தனை பேரும் ஒன்றாகச் சிரிப்பார்கள். நாற்பது தாண்டியும் தனிக்கட்டையாக இருந்தவருக்கு, அந்தச் சிரிப்பைக் கேட்டால் வீட்டில் யாரோ விளக்குப் போட்டு வைத்திருப்பதைப் போல இருக்கும்.

நூலகத்து அம்மாளும் தனி ஆள்தான் என்று கண்டக்டர் சொல்லியிருந்தார். எப்போதும் அதே இருக்கை. தலை நிமிர்ந்து, கண்ணெடுக்காமல் பார்ப்பதை டிரைவர் கண்ணாடியில் கவனித்திருந்தார்.

"அந்தம்மா ஒரு தடவையாவது முடிவைப் பாக்கணும்," என்றார் கண்டக்டரிடம்.

"அவங்க கேட்டாங்களா?"

"கேக்கவா செய்வாங்க? முகத்தைப் பாத்தா தெரியலையா?"

அடுத்த வாரம், பஸ் கிளம்பும் முன்பே படத்தைப் போடச் சொன்னார். ஏறுகிறவர் எல்லாம் "முதல்லேர்ந்து போடுங்க" என்றார்கள். கண்டக்டர் போட்டுப் போட்டு மாய்ந்ததில், அந்த அம்மாள் இடைவேளைக்கு முன்பே இறங்கிப் போனார்.

அதற்கடுத்த வாரம் பஸ்ஸை மெல்ல உருட்டினார். பால் வண்டி முந்தியது. அப்புறம் சைக்கிளில் போன ஒருவர் முந்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"இறங்கி நடந்தா முன்னாடியே போய்ச் சேந்துடுவேன்போல," என்றார் குடை வியாபாரி. எல்லாப் பயணத்திலும் ஏதாவது ஒரு குறை கண்டுபிடிக்கிறவர் அவர். சொன்னதோடு நிற்காமல் மேனேஜருக்கும் போன் போட்டுவிட்டார்.

"இன்னொரு தடவை லேட்டானா வேற ரூட்டுக்கு மாத்திடுவேன்," என்றார் மேனேஜர்.

ரூட் மாறினால் படமும் இல்லை, அந்த முகமும் இல்லை. அந்த நினைப்பே டிரைவருக்குச் சோற்றை இறங்கவிடவில்லை. ஆனாலும் மறுவாரம் அவர் செய்த காரியம், பஸ்ஸை உருட்டியதைவிட மோசம். அந்த அம்மாளின் நிறுத்தத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, கதவைத் திறக்கவில்லை.

"கதவு மக்கர் பண்ணுது. எல்லாரும் கொஞ்சம் உக்காருங்க."

கண்டக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். கதாநாயகி ஓடினாள், ரயில் கிளம்பியது, பிறகு நின்றது. பஸ்ஸே கை தட்டியது. டிரைவர் கண்ணாடியைப் பார்த்தார். அந்த அம்மாளும் சிரித்துக்கொண்டிருந்தார். அது போதும் என்று கதவைத் திறந்தார்.

படியருகே அந்த அம்மாள் நின்றார். "கதவு சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சுங்க. முடிவு பிடிச்சுதா?"

அந்த அம்மாள், "அடுத்த வாரமும் மக்கர் பண்ணுமா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

டிரைவருக்கு முகம் சுண்டிவிட்டது. பொய்யைக் கண்டுபிடித்துக் குத்திக் காட்டுகிறார் என்றே நினைத்தார். இனி இந்தப் பஸ்ஸில் ஏறுவாரோ என்னவோ. கியரைப் போடக்கூடக் கை வரவில்லை.

அதற்குள் குடை வியாபாரி, காலியான அந்த அம்மாளின் இருக்கைக்கு மாறி உட்கார்ந்தார். கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நீட்டிப் பார்த்துவிட்டு, வழக்கம்போல ஆரம்பித்தார்:

"என்னய்யா சீட்டு இது, டிவியே தெரியல. கம்பி மறைக்குது. கண்ணாடியில உம்ம மூஞ்சி மட்டும்தான் தெரியுது."