எண்பத்தைந்து அண்ணாச்சியின் இரண்டு கேமராக்கள்

ஒரே நாற்காலியில், ஒரே சட்டையில், ஒரே சிரிப்பை இரண்டிரண்டு போட்டோவாக வைத்திருப்பவர்கள் மும்பை செம்பூரில் எங்கள் கட்டடத்தைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. உபயம்: ஏழாவது மாடி எண்பத்தைந்து அண்ணாச்சி.

எண்பத்தைந்து என்பது வயது என்று நினைத்து, புதிதாகக் குடிவந்தவர்கள் அவர் காலில் விழுந்ததுண்டு. அவருக்கு அறுபதுதான் இருக்கும். எண்பத்தைந்து எம்.எம். என்பது லென்ஸின் அளவு. முகத்தை மட்டும் பளிச்சென்று காட்டி, பின்னால் கொடியில் காயும் துணியையெல்லாம் பஞ்சாகக் கரைத்துவிடும். போட்டிக் கம்பெனிகள் இரண்டிலும் அதே லென்ஸ் இருந்தது. எது உசத்தி என்று தெரியாமல் அண்ணாச்சிக்குத் தூக்கம் வரவில்லை, இரண்டையும் வாங்கினார். ஒன்று மற்றதன் கேமராவில் மாட்டாது, சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி. ஆகவே கேமராவும் இரண்டு.

தாராவியில் தோல்பை பட்டறை வைத்திருந்தவர். அதை விற்றுவிட்டுத்தான் இங்கே ஃப்ளாட் வாங்கினார். கல்யாணம் செய்துகொள்ளாத தனி ஆள். ஞாயிறு காலையில் லிஃப்ட் வாசலில் நின்று ஆள் பிடிப்பார்.

“வாரும்வே, ரெண்டே நிமிசம். ஒக்காந்துட்டுப் போயிரலாம்.”

அந்த இரண்டு நிமிஷத்தில் டீ, முறுக்கு, மறுபடி டீ எல்லாம் அடக்கம். ஜன்னலோரம் உட்காரவைத்து ஒரு கேமராவில் எடுப்பார். அடுத்ததைக் கையில் எடுப்பதற்குள் அவர் முகம் சுருங்கிவிடும்.

“அசைஞ்சிட்டீரே! டெஸ்ட் கேன்சல். அடுத்த வாரம் வாரும்.”

“நான் அசையலையே அண்ணாச்சி!”

“காது அசைஞ்சுதுவே. நான் பாத்தேன்.”

மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த எங்கள் சொசைட்டி செகரட்டரி ஒருநாள் மாட்டிக்கொண்டார். அவர் மீசையில் சாயம் தப்பிய ஒற்றை நரையைக் கம்ப்யூட்டரில் முழங்கை நீளத்துக்குப் பெரிதாக்கி, “இந்தக் கம்பெனி முடிய உருட்டிக் காட்டுது, அந்தக் கம்பெனி தட்டையாக்கிப்புட்டான், பாத்தீரா?” என்று அரை மணி நேரம் பாடம் எடுத்தார் அண்ணாச்சி. செகரட்டரி கொதித்துப்போனார்.

குடியரசு தினத்தன்று மொட்டை மாடிச் சாப்பாடு. தார்ப்பாய்ப் பந்தலுக்குள் திரை கட்டி, வாட்ச்மேனின் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டார் செகரட்டரி.

“வாரா வாரம் இந்த லஃப்டா, இந்தத் தகராறு எதுக்கு? கை தூக்குங்கோ, டிசைட் பண்ணிடலாம்.”

எல்லாரும் இடது பக்கத்துக்கே கை தூக்கினார்கள்.

“லெஃப்ட் ஜெயிச்சாச்சு. கதம்!”

கூட்டம் கைதட்டியது. அண்ணாச்சியும் தட்டினார், எல்லாருக்கும் கடைசியாக.

அடுத்த ஞாயிறு லிஃப்ட் வாசலில் யாரும் அவருக்காக நிற்கவில்லை. “அதான் ரிசல்ட் வந்தாச்சே அண்ணாச்சி” என்று சிரித்துவிட்டுப் போனார்கள். மனசு கேட்காமல் நான் மேலே போனேன். கதவு திறந்திருந்தது. அண்ணாச்சி காலி நாற்காலியை மாறி மாறி இரண்டு கேமராவிலும் எடுத்துக்கொண்டிருந்தார்.

“என்ன அண்ணாச்சி, நாற்காலியவா எடுக்கறீங்க?”

“இதுக்கு அசையத் தெரியலவே. எடுத்த ஒடனே டெஸ்ட் முடிஞ்சிருது.” கேமராவை மடியில் வைத்துக்கொண்டார். “பட்டறைக்குக் கதவே கெடையாது. போறவன் வாரவன்லாம் எட்டிப் பாத்து ரெண்டு வார்த்த பேசுவான். இங்க கதவச் சாத்துனா, என் கொரலே எனக்குக் கேக்க மாட்டேங்கு.”

நானும் தனியாகத்தான் இருக்கிறேன். ஆனால் அதை இப்படி வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தைரியம் வந்ததில்லை. நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“ஓட்டு போட்டது வெயில்ல எடுத்த படத்துக்கு. மழை வெளிச்சத்துல எது நல்லா வரும்னு யாருக்குத் தெரியும்?”

அண்ணாச்சி நிமிர்ந்தார். “அதான? மழ வேற, வெயிலு வேறல்லா! ஆனா அதுக்கு ஜூன் வரணுமே?”

“அதுவரைக்கும் ஒத்திகை பாப்போம்.”

மழை வந்து ஓய்ந்தும் விட்டது. ஞாயிறுதோறும் ஒத்திகை நடக்கிறது. எது உசத்தி என்று அவர் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று எனக்குத்தான் பயமாக இருக்கிறது.